இவான் தொண்டையில் விஷம் இல்லை

திருத்தணி,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள ஈவ்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வழக்கத்துக்கு எழுதும் சுகம் இல்லை பாப்பா, நிஜமான சுகம், உன் அண்ணன் பிள்ளை இவான் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். போனில் பேசினால் நீ ஒரு பக்கம் அழுகிறாய் நான் ஒரு பக்கம் அழுகிறேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் எழுதி உன் அண்ணன் ஜெபஸ்டினிடம் கொடுக்கிறேன், அவன் போட்டோ பிடித்து அனுப்புவான், கடைசி வரை படி.

நீ அறுப்புப் பண்டிகைக்கு வந்துவிட்டுப் போன கையோடு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை என்று அழுதான், டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்த மாதிரி ஒரு படலம். இங்கே டாக்டர் பார்த்ததும் முகம் மாறிப்போய், தொண்டை அடைப்பானா இருக்கலாம், டிப்தீரியான்னு சொல்வாங்களே அது, உடனே மெட்ராசுக்கு இட்டுனு போங்க என்றார். பக்கத்து வீட்டு ஹுசைனா மகன் அல்தாஃப் வண்டியில்தான் ஓடினோம். உன் அண்ணி பெபி ஐந்து வயது ஊசியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள், அதை ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் சொல்கிறாள், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, சரி விடு, அவளும் பெற்றவள்தானே. தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டுத் துடைத்து எடுத்தார்கள், முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது என்று, அந்தக் கிருமி கக்குகிற விஷத்தை முறிக்கும் மருந்தையும் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் நீ ஆராய்ச்சி செய்கிற அதே கிருமிதான் வளர்ந்திருக்கிறது என்றார்கள்.

ஊர் சும்மா இருக்குமா. நம் சபையில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரத்தில்தானே எல்லோரும் திராட்சரசம் குடிக்கிறோம், பண்டிகையன்று நீயும் குடித்தாய், அதையும் உன் வேலையையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பாடகர் குழு ரூபி, அந்தப் பொண்ணு அங்க அந்தக் கிருமியோடதானே குந்திகினு கீது, கூடவே இட்டாந்துட்டா போல என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஆயர் பாவம், அடுத்த ஞாயிறே ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைத்துவிட்டார். உன் நைனா ரூபிக்கும் மேல். நீ விட்டுப்போன நீலப் பெட்டியை மாடிக்குத் தூக்கிப் போய் பினாயில் ஊற்றிக் கழுவினார், நீ வாங்கி வந்த சாக்லேட்டையெல்லாம் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்! அம்மாம் படிச்ச பொண்ணைப் பெத்துட்டு இன்னாய்யா இது கூத்து என்று கத்தினேன், காதில் விழாத மாதிரி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் தொண்டையைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் நீ போன் செய்து, என்னாலயாம்மா, நான் இந்த வேலைய விட்டுடறேன், இனிமே ஊருக்கும் வரமாட்டேன் என்றாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளை ஒரு பக்கம் நீ ஒரு பக்கம், நான் யாருக்கென்று முழங்கால் போட்டு ஜெபிப்பேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மா தேவகி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கிருமி அதேதாங்க, ஆனா விஷம் செய்யணும்னா அதுக்குள்ள ஒரு ஜீன் இருக்கணும், தேடிப் பார்த்துட்டோம், இதுல அது இல்ல, நெஞ்சைத் தாக்காது, மருந்துலயே போயிடும் என்றார். பெபி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உடனே நீ சொன்னது ஞாபகம் வந்தது, கேட்டேவிட்டேன், என் பொண்ணு வேலை செய்யற எடத்துல இருக்கறதெல்லாம் விஷம் இருக்கற ஜாதிதான்னு சொல்லுவா, அப்போ இது அங்கேருந்து வரலதானேங்க என்று. ஆங், இல்லவே இல்லம்மா, இது இங்கேயே சுத்திகினு இருந்தது, உங்க பொண்ணு மாதிரி ஆளுங்க அந்த ஜீனைப் படிச்சு வச்சதாலதான் எங்களால இவ்ளோ சீக்கிரம் சொல்ல முடிஞ்சுது என்றார். கேட்டாயா? என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

இவான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அத்த வாங்கினு வந்த சாக்லேட் எங்க தாத்தா என்கிறான். உன் நைனா முருங்கை மரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், திருதிரு என்று முழிக்கிறார்! கடைத்தெருவுக்குப் போய் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார், இது அத்த சாக்லேட் இல்ல என்று பிள்ளை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். மனுஷனுக்கு உன்னிடம் பேச வெட்கம், நீயே ஒரு தரம் நைனா என்று கூப்பிட்டுவிடு. விட்டுப்போன ஊசிக்குப் பிள்ளையை நானே கூட்டிப்போகிறேன். வேலையை விடுகிறேன் என்ற பேச்சை இத்தோடு விடு. அலுப்பாக இருந்தாலும் கையுறையை மறக்காதே, வெறும் வயிற்றோடு ஆய்வுக்கூடத்துக்கு ஓடாதே, வரும்போது சாக்லேட் கொஞ்சம் கூடவே வாங்கி வா.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காத்து உன்னை நல்லபடி நடத்துவாராக. இன்று ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய், கிறிஸ்துமசுக்குப் பழைய பாத்திரத்தையே எடுங்கய்யா என்றேன், ரூபி காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன், அவரும் சரி என்றார். நீ டிக்கெட் போட்டுக்கொண்டு வா பாப்பா. முதலில் நீ குடி, நீ உதடு வைத்த இடத்திலேயே உதடு வைத்து நான் குடிக்கிறேன், சபை முழுக்கப் பார்க்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
லில்லி ஜெபரத்தினம்