அப்பாவின் ஓடிபி

ஜூன் 3, செவ்வாய்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போனில் ஓடிபி வந்தது. நான் எதுவும் வாங்கவில்லை. மோசடி என்று அழிக்கப் போனேன். அதற்குள் ஓர் அழைப்பு.

"ஏனுங்க மேடம், திருமலைசாமி அய்யாவோட புள்ளைங்களா? சென்னிமலைப் பக்கம் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ரம்ஷா பேசறனுங்க. அந்த நம்பரைச் சொன்னீங்கன்னா அய்யாவுக்கு டாக்டர வீடியோவுல கூப்பிட்டுருவனுங்க."

யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று வகுப்பில் சொல்கிறவள் நான். "அவர் பக்கத்தில் இருக்கிறாரா?" என்றேன். பின்னால் ஓர் இருமல். இரண்டு செருமல், பிறகு நீளமாக ஒன்று. அதைப் போலியாகச் செய்ய யாராலும் முடியாது. எண்ணைச் சொன்னேன்.

கணவனை விட்டு வந்தபோது "இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்றவர். ஏழு வருடம். அதன்பிறகு அவரிடமிருந்து கேட்ட முதல் சத்தம்.

ஜூன் 5

விசாரித்துப் பார்த்தேன். எழுபது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீட்டு அட்டை அப்பாவிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அது செல்லும். பிரஷருக்கு வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது அதில் சேராதாம்; அது அரசின் வேறொரு இலவச ஏற்பாடு. படுக்கைக்கு ஒரு கதவு, பேச்சுக்கு ஒரு கதவு. இரண்டுக்கும் சாவி என் போனில்.

அம்மா இருந்த காலத்தில் அவருடைய காகிதங்களை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆதாருக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவர் மாற்றவே இல்லை. மறந்திருப்பார். வேறென்ன?

ஜூன் 17

மறுபடி வந்தது. பிரஷர் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். ரம்ஷா தானாகவே சொன்னாள்: "கொறஞ்சிருக்குங்க. உப்பத்தான் கொறைக்க மாட்டேங்கறாருங்க."

பின்னாலிருந்து குரல்: "உப்பில்லாத சோத்த எங்கூட்டு எருமை கூடத் திங்காது."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். யாருக்காக? அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஜூலை 1

செவ்வாய்க்கிழமைகளில் போனைச் சத்தமில்லாமல் வைப்பதில்லை. வகுப்பிலும்.

ஜூலை 15

ரம்ஷா இன்று, "உங்களுக்கு எதுக்குங்க மேடம் சிரமம்? சனிக்கிழமை அய்யாவ சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. கைரேகை வெச்சு, ஆதார்ல அவரு நம்பரையே போட்டுறலாமுங்க" என்றாள்.

"சரி, மாத்திருங்க. அதுதான் வசதி" என்றேன்.

என்ன வசதி? யாருக்கு வசதி? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல இந்த வாய்க்கு என்ன கேடு? ஒரு வார்த்தைதானே—

ஜூலை 29

வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் இல்லை. மாற்றியிருப்பார்கள். நான் சொன்னதைத்தானே செய்திருக்கிறார்கள்.

மற்ற ஓடிபி எல்லாம் வருகிறது. வங்கி, கேஸ், எதையோ விற்கிறவர்கள். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மாலை பீளமேடு நிறுத்தத்தில் அப்பா ஊர்ப் பக்கம் போகும் ஈரோடு பஸ் வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்தேன். "ஏறுங்க, ஏறுங்க, இல்லீன்னா எறங்கி நில்லுங்க" என்றார் கண்டக்டர். இறங்கி நின்றேன். போய் என்ன சொல்வேன்? உங்கள் இருமலைக் கேட்க வந்தேன் என்றா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூன்றாவது வகுப்பின் நடுவே போன் அதிர்ந்தது. ஆறு எண்கள். மாணவர்களை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"நான் ரெண்டு வாரமா லீவுங்க மேடம்" என்றாள் ரம்ஷா. "நம்பர் மாத்தலீங்க. மையத்து வாசல் வரைக்கும் வந்துட்டு, அந்த நம்பரே இருக்கட்டும்னு திரும்பிட்டாருங்க. இருங்க, இன்னைக்கு அவரே கேட்டுக்கறாராமா."

மூச்சுச் சத்தம். செருமல்.

"அம்மணி. நம்பர் சொல்லு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

"செரியாக் கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்கா."

"டைம் முடிஞ்சு போச்சுங்க அய்யா, புதுசா அனுப்போணும்" என்று ரம்ஷா சொல்வது கேட்டது.

"அனுப்பு. எம்புள்ள இருப்பா."

இருந்தேன்.