தியலுமைக்குப் போகாத வியாழக்கிழமை

முருகன் துணை

மடுல்சீமை
10.6.1957

அன்பு மகள் தெய்வானைக்கு ஆத்தா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் தம்பிமாரும் சாமி புண்ணியத்துல சுகமா இருக்கோம், அதுபோல துறையூர்ல நீயும் மாப்பிள்ளையும் அவுக வீட்டாரும் சுகமா இருக்கணும்னு தினமும் கும்பிடுறேன். கப்பல்ல நல்லபடியா போய்ச் சேர்ந்ததா ஆறு வரி எழுதியிருந்தே. அதுல உன் சித்தி ரெங்கம்மா பேரே இல்லை. ஒரு மாசத்துக்கு முந்தி இதைப் பார்த்திருந்தா சந்தோசப்பட்டிருப்பேன், இப்ப படிக்கப் படிக்க நெஞ்சைக் குத்துது. ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம், மாப்பிள்ளைக்குப் படிச்சுக் காட்டாதே.

கல்யாணமாகி ரெண்டு வருசம் கழிச்சு, மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டாங்கன்னு வந்தே. பதினாலு நாள்ல பத்து நாள் பதுளையில சித்தி வீட்டுல. அங்க கரண்டு லைட்டு இருக்கு, குழாய்த் தண்ணி இருக்கு, சித்தப்பா கிட்ட வாடகைக் கார் இருக்கு. துன்ஹிந்த அருவி பார்த்தாச்சு, எல்ல மலை பார்த்தாச்சு, முதியங்கணை விகாரை பார்த்தாச்சு. அப்புறம்தான் தோட்டத்துல என் லயத்து வீட்டுக்கு வந்தே. வந்து உக்காந்ததும் சித்தி செஞ்ச கத்தரிக்காய்க் குழம்பைப் பத்திப் பேசினே, சித்தி எடுத்துக் குடுத்த சேலையைக் காட்டினே. மழையில நம்ம தகரம் ஒழுகுச்சு, மாப்பிள்ளை நிலைப்படியில தலையை இடிச்சுக்கிட்டாரு, நீ என்னைப் பார்த்துச் சிரிச்சே. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள எரிஞ்சது. நான் பெத்த பிள்ளையை அவ பத்து நாள் வச்சிருந்துட்டு மூணு நாளைக்கு இரவல் குடுத்த மாதிரி இருந்துச்சு.

புதன்கிழமை நான் தேயிலைக் கொழுந்து நிறுத்துட்டு வர்றப்ப பஸ் கண்டக்டர் ஸலீம் ரோட்டுல நின்னாரு. விடிஞ்சதும் முதல் பஸ்ஸுல மகளையும் மருமகனையும் பசறைக்கு அனுப்புங்க, அங்க கார் நிக்கும், தியலுமை அருவிக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு உங்க தங்கச்சி சொல்லி விட்டாங்கன்னாரு. சரிங்கன்னேன். வீட்டுக்கு வந்து உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, தெய்வானை. மறுநாள் பெரட்டுக்கும் போகலை, மலைக்கு வேலைக்கும் போகலை. உனக்கு எண்ணெய் தேய்ச்சுத் தலை வாரி விட்டேன், கொழுக்கட்டை அவிச்சேன். நீ ரோட்டையே பார்த்துக்கிட்டு, சித்தி தியலுமைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுச்சே, மறந்துருச்சு போலன்னே. டவுன்காரங்க அப்படித்தான் கண்ணு, வாயோட சரின்னேன். உன் முகம் வாடுனதைப் பார்த்து எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை பதுளை ஸ்டேசன்ல நீ அவகிட்ட முகம் குடுக்காம ரயில் ஏறினே. அவ பிளாட்பாரத்துல நின்னு அழுதா. நான் கண்டும் காணாத மாதிரி நின்னேன்.

போன ஞாயித்துக்கிழமை அவ வந்தா. மண் சரிஞ்சு ரோடு அடைபட்டதால பாதி வழியில இறங்கி நடந்தே வந்திருக்கா, சேலை முழங்கால் வரைக்கும் சேறு. உக்காரக்கூட இல்லை, அக்கா, ஸலீம் சொல்லலையா, நாங்க சோத்தைக் கட்டிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் பசறையில நின்னோமேன்னா. சொன்னாரு, நான்தான் மறைச்சேன்னேன். திட்டுவான்னு நினைச்சேன், திட்டலை. நிலைப்படியில உக்காந்துக்கிட்டு, நீ முழுகாம இருக்கிறதைச் சொன்னா. அதுக்கு முந்தி ஒண்ணு மூணாம் மாசத்துல கலைஞ்சு போனதையும் சொன்னா. ஆத்தாவுக்குத் தெரிஞ்சா தாங்காது, கப்பல் ஏறவும் விடாதுன்னு நீ அவகிட்டச் சத்தியம் வாங்கினியாமே.

முதல்ல எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பெத்தவ நான் இருக்க, அவகிட்ட என்ன ரகசியம்னு கத்திட்டேன். அதுக்கு அவ, அக்கா, நீ அஞ்சு பெத்தே, ஒண்ணும் தவறலை, எனக்கு ரெண்டு தவறுச்சு, அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவகிட்டத்தானே பிள்ளை கேக்கும்னா. அவளுக்கு அப்படி ஆனப்ப ரெண்டு தரமும் நான் பெரட்டைச் சாக்குச் சொல்லிக்கிட்டு ஒரு நாளும் போய்ப் பக்கத்துல உக்காரலை. அது அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. அவ கால் சேத்தை நானே வெந்நி ஊத்திக் கழுவி விட்டேன்.

அதனால அவளுக்கு உடனே ஒரு கடிதம் போடு, தப்பு ஆத்தாவுதுன்னு எழுது. நீ குடம் தூக்காதே, மாடிப்படி அடிக்கடி ஏறாதே, பப்பாளி, அன்னாசி தொடாதே, வாந்தி வந்தாலும் கஞ்சியைக் குடிச்சிரு. தலைப்பிரசவம் பெத்தவ வீட்டுலதான், அதை நான் யாருக்கும் விட்டுக்குடுக்கிறவ இல்லை. ஆனா இங்க இருந்து ஆஸ்பத்திரி தூரம், ரோடு இந்த லட்சணம். விசா கிடைச்சா நீ நேரா சித்தி வீட்டுக்கே வா. நான் ஒரு மாசம் முந்தியே போய் அவ அடுப்படியில பாயைப் போட்டுக்கிறேன்.

முருகன் உன்னையும் வயித்துல இருக்கிறதையும் காப்பாத்துவான். மாப்பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் எங்க வணக்கம் சொல்லு. பிள்ளைக்கு முதல் தண்ணி நான்தான் ஊத்துவேன்னு ரெங்கம்மாகிட்டக் கண்டிப்பாச் சொல்லிட்டேன். பார்ப்போம்னு சொல்லியிருக்கா.

இப்படிக்கு
உன்னைப் பெத்த ஆத்தா
வேலாயி