நீ நேமம் போய்த் திரும்பிய நேரம்

என் செல்லத் தங்கை செல்லம்மைக்கு,

இதை எழுதுவது உன் அண்ணன்தான். வேறு யாரையும் வைத்து எழுதவில்லை. நீ நம்ப மாட்டாய். நானே ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, மறுபடி வாசித்துப் பார்த்துத்தான் நம்புகிறேன். உன் பெயரை ஒழுங்காக எழுதுவதற்குள் ஒரு தாள் போய்விட்டது. இன்னொரு தாளில் மை கொட்டிவிட்டது. இது மூன்றாவது தாள்.

போன இடவப்பாதி மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நீ எங்களை விட்டுப் போனாய். அதற்குப் பிறகுதான் எழுத்துப் படித்தேன். பதினோரு மாதம் ஆயிற்று. கரமனை வாசகசாலையில் சாயங்காலம் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. உன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தங்கம் டீச்சர்தான் சொல்லித் தருகிறாள். முதல் வாரம் என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, ‘ழ’ எழுதச் சொன்னா ஹேண்டில்பார் வரஞ்சு வச்சிருக்கியளே” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். முப்பத்தைந்து வருஷம் சைக்கிள் கடை வைத்தவன் கைக்கு வேறு என்ன வரும்?

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு பெட்டியின் மேல் ‘சுக்கு’ என்று எழுதியிருந்ததுதான் நான் முதலில் வாசித்த வார்த்தை. அங்கேயே நின்று நாலு தடவை வாசித்தேன். கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். வாசித்துவிட்டு வாங்காமல் வர வெட்கமாக இருந்தது. வீட்டில் சுக்கு நிறையச் சேர்ந்துவிட்டது. உன் மைனி, என் வீட்டுக்காரி, கேலி செய்கிறாள். “திவான் ஆபீஸ்ல இருந்து உங்களக் கூப்பிட்டு விடப் போறாவ, வேட்டியத் துவச்சு வைக்கட்டா?” என்கிறாள். ஆனால் அப்பளம் சுற்றி வந்த பத்திரிகைத் தாளை எறியாமல் எனக்காக எடுத்து வைக்கிறவளும் அவள்தான்.

உனக்கு எழுதப் போகிறேன் என்றதும், இந்தக் கடிதத்தை வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்க வேண்டும் என்று டீச்சர் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே இதை ஊரும் வாசிக்கும். வாசிக்கட்டும். நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. அது ஊருக்கும் தெரிந்தால்தான் நியாயம்.

நீ சைக்கிள் பழகிய கதை எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லித்தான் பழகினாய். பிறகு வேகத்தில் உனக்கு ஆசை வந்துவிட்டது. ஊரில் ஒரு சைக்கிள் சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பந்தயம் நடத்துவார்கள். பெண்களுக்கு அதில் ஒரே ஒரு போட்டிதான், மெதுவாக ஓட்டுவது. காலைக் கீழே ஊன்றாமல் கடைசியாக வருகிறவளுக்குப் பரிசு. நீ அதைப் பார்த்துவிட்டு வந்து கடை வாசலில் நின்று, “கடைசியா வரதுக்கா அண்ணே நான் சைக்கிள் படிச்சேன்?” என்று கேட்டாய்.

ஆண்களுக்கு நேரப் பந்தயம் ஒன்று இருந்தது. கரமனைப் பாலத்தில் கிளம்பி நேமம் போய்த் திரும்ப வேண்டும். போக மூன்று மைல், வர மூன்று மைல். எல்லாரையும் ஒன்றாக விட மாட்டார்கள். ஒருவர் போய் ஒரு நிமிஷம் கழித்து அடுத்தவர். ஒவ்வொருவரும் கடிகாரத்தோடுதான் போட்டி போட வேண்டும். அதில் சேரப் போகிறேன் என்று சங்கத்துச் செயலாளரிடம் போனாய். நானும் துணைக்கு வந்தேன்.

“லேடீஸ் ஆம்பளைகளோட சேர்ந்து ஓட்டான் பாடில்லல்லோ, டீச்சரே” என்று அவர் பாதி மலையாளத்தில் இழுத்தார். பெண்கள் ஆண்களோடு ஓட்டக் கூடாதாம்.

“நான் யாரோட சாரே சேர்ந்து ஓட்டப் போறேன்? ஆளுக்கு ஒரு நிமிஷம் விட்டுத்தானே அனுப்புறீங்க. எனக்கு முன்னால வரவரு என் கண்ணுக்கே தெரிய மாட்டாரு. பின்னால வரவரு வேணும்னா என்னப் பிடிக்கட்டும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். “எங்கில் கடைசியா விடாம்” என்றார், அப்படியானால் கடைசியாக விடுகிறேன் என்று. பின்னால் வர ஆளே இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். உனக்கு அது போதும்.

இரண்டு மாதம் இருந்தது. உன் சைக்கிளில் பாரமாக இருந்ததையெல்லாம் கழற்றினேன். மட்கார்டு, ஸ்டாண்டு, பின்னால் இருந்த கேரியர் எல்லாம் போயிற்று. செயின் மூடியை மட்டும் மைனி கழற்ற விடவில்லை. “சேல மாட்டினா யாரு பதில் சொல்லுவா?” என்றாள். நீ சேலையை வரிந்து கட்டிப் பின்னால் செருகிக்கொண்டு, விடிந்ததும் பாலத்துக்கு வருவாய். ஒரு பாக்கெட் கடிகாரம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தாய். “நான் கிளம்புறப்போ முள்ளு எங்க நிக்குது, வரப்போ எங்க நிக்குதுன்னு பாத்து எத்தன நிமிஷம்னு சொல்லு அண்ணே. அது போதும்” என்றாய்.

எனக்கு அது தெரியாது செல்லம்மை.

எனக்கு எழுத்துத் தெரியாது என்று உனக்குத் தெரியும். மணி பார்க்கத் தெரியும் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். கடையில் சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவேன் அல்லவா? மணியும் அரை மணியும் தெரியும். அதற்கு நடுவில் இருக்கிற புள்ளிகள் எனக்குப் புள்ளிகள்தான். வாடகைக்கு எடுத்தவன் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் போகட்டும் என்று விடுவேன். தாராள மனசு என்று ஊரில் பெயர். உண்மையில் எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் காரணம்.

உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அப்பா போனபோது உனக்கு நாலு வயது. நீ படிக்க வேண்டும் என்றுதான் நான் பஞ்சர் ஒட்டப் போனேன். நீ படித்து டீச்சர் ஆனாய். உன் எதிரில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாள் நீ திரும்பி வந்து, “எத்தன?” என்றாய். சங்கத்து ஆட்கள் கடையில் பேசிக் கேட்ட எண்களில் ஒன்றைச் சொன்னேன். “இருபத்தேழு.” நீ தலையாட்டினாய். அடுத்த நாளும் கேட்டாய். முள்ளைப் பார்ப்பது போல் குனிந்துவிட்டு, உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். முகம் வாடியிருந்தால் ஒன்று குறைத்தேன். ஒன்று குறைந்ததும் உன் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்கு ஆசை. இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தைந்து. பந்தயத்துக்கு முந்திய வாரம் இருபத்திரண்டு என்று சொன்னேன். நீ பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் போய் எல்லாரிடமும் சொன்னாய்.

பந்தயத்தன்று பாலத்தில் நிற்க இடமில்லை. உன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேரில் நீ பன்னிரண்டாவதாகக் கிளம்பினாய். இருபத்திரண்டு உன் கையில் இருக்கிறது என்று நம்பி, எடுத்த எடுப்பிலேயே பறந்தாய். உன்னை அவ்வளவு வேகத்தில் நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது உன் தோள் இரண்டும் ஆடின. உதடு வெளுத்திருந்தது. சங்கத்துக் கடிகாரக்காரர் உரக்கச் சொன்னார், இருபத்தாறு என்று. பன்னிரண்டு பேரில் பத்தாவது. இரண்டு ஆண்களை நீ பின்னால் விட்டிருந்தாய். அதை யாரும் பேசவில்லை. இருபத்திரண்டு என்று சொன்னதைத்தான் பேசினார்கள். செயலாளர், “டீச்சருடைய வீட்டு வாச்சு கொஞ்சம் பதுக்கெ ஓடும் போல” என்றார். வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று கேலி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நீ என் பக்கம் வந்தாய். “எங்க அண்ணே விட்டேன்?” என்று கேட்டாய். நான் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, “கோட்டம் இருக்கு, வீல் ஒரசுது” என்றேன். நான் கையால் நேராக்கிய சக்கரம் அது. அதில் ஒரு நூல் கோட்டமும் கிடையாது.

மறுநாள் நீ அந்தக் கடிகாரத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனாய். திரும்பி வந்தபோது நான் கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. “காப்பி குடிச்சியா அண்ணே?” என்றாய். அதற்குப் பிறகு கடிகாரத்தை என் கையில் தரவும் இல்லை. ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் தனியாகப் போய் வந்தாய். பந்தயத்தில் பிறகு சேரவும் இல்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் கடை வாசலில் வந்து இறங்கினாய். சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. “அண்ணே, நீ சொன்னது சரிதான். இருபத்திரண்டு” என்றாய்.

நான் அதைக் குத்திக்காட்டல் என்று எடுத்துக்கொண்டேன். “போதும், காலங்காத்தால கேலி பண்ணாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வாசலில் உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சைக்கிள் போகிற சத்தம்.

இதெல்லாம் நடந்து பதினெட்டு வருஷம். நாம் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் நீ சைக்கிளைக் காட்டி, “ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அதுக்கே எண்ணெய் போட்டு முடியல” என்பாய். என்னோடும் மைனியோடும் சிரித்துப் பேசித்தான் இருந்தாய். இருந்தும் அந்தப் பொய்யைப் பற்றி நீ என்ன நினைத்தாய் என்ற கேள்வி எனக்குள் அப்படியே கிடந்தது.

நீ போன பிறகு உன் டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. உள்ளே வரிவரியாக எழுதியிருந்தாய். பாலமும் சாலையும் போல ஒரு படம் போட்டிருந்ததால் எதைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. “டீச்சரக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லட்டா?” என்றாள் மைனி. வேண்டாம் என்றேன். என்னைப் பற்றி அதில் என்ன இருக்குமோ? அதை இன்னொருவர் வாயால் கேட்க என்னால் முடியாது. நானே வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் அறுபது வயதில் சிலேட்டை எடுத்தேன். டீச்சருக்குக்கூட இது இன்றுதான் தெரியப் போகிறது.

போன வெள்ளிக்கிழமை அந்த நோட்டைத் திறந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். முதல் பக்கத்தில் ‘அண்ணன் சொன்னது 27’. பிறகு 26. பிறகு 25. இரண்டு மாதத்துப் பொய் முழுவதும் உன் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தது. பிறகு பந்தயத்தன்று: ‘26. போகும்போது அவசரப்பட்டேன். பாப்பனங்கோட்டு ஏற்றத்தில் கால் மரத்துவிட்டது.’

அதற்கு அடுத்த வரியை வாசிக்க எனக்கு அரை மணி ஆயிற்று. எழுத்து கடினமில்லை. கண்தான் வரியில் நிற்கவில்லை. ‘கடிகாரம் சரியாக ஓடுகிறது. அண்ணனுக்கு நிமிஷம் பார்க்கத் தெரியாது. கேட்கக் கூடாது.’

அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக நீ தனியாக ஓட்டிய நாட்கள். ‘26. எதிர்காற்று.’ ‘25. போகும்போது நிதானம், வரும்போது வேகம்.’ ‘25.’ ‘25.’ ‘மழை, திரும்பிவிட்டேன்.’ ‘24. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன்.’ ஒரு நிமிஷம் குறைய உனக்கு எத்தனை வாரம் ஆகியிருக்கிறது. நான் அதைப் பாலத்தில் நின்றுகொண்டு ஒரே வார்த்தையில் குறைத்தேன். கடைசியில், ஒரு பக்கத்தின் நடுவில், கீழே கோடு போட்டு: ‘22. அண்ணன் சொன்ன நேரம் வந்துவிட்டது. போய்ச் சொல்ல வேண்டும்.’

போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டுத்தான் அன்றைக்குக் கடை வாசலுக்கு வந்திருக்கிறாய். அப்படிச் சொல்ல வந்தவளை நான் விரட்டிவிட்டேன். என் பொய்யை மெய்யாக்க ஒரு வருஷம் மிதித்திருக்கிறாய். அதைக் கேட்க ஒரு நிமிஷம் நிற்கவில்லை நான். ஊரே சிரித்தபோது, அண்ணனுக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மானம் தப்பியிருக்கும். அதையும் நீ சொல்லவில்லை. இதற்கு நான் எந்த முகத்தோடு சந்தோஷப்படுவது? ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, செல்லம்மை. நீ கோபமாக இருக்கவில்லை. அன்றைக்கு வாசலில் கேட்டது வெறும் சிரிப்புதான்.

இப்போது அந்தச் சாலையில் நாகர்கோவில் பஸ் ஓடுகிறது. காலையில் பாலத்தில் நின்றால் சைக்கிளில் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேரைப் பார்க்கலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்களையும் புள்ளிகளையும் டீச்சர் சொல்லிக் கொடுத்துவிட்டாள். பெரிய முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போனால் ஐந்து நிமிஷம். இவ்வளவுதானா என்று கேட்டேன். “இவ்வளவுதான் அண்ணாச்சி” என்றாள்.

உன் நோட்டில் அந்த இருபத்திரண்டுக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. உன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். கடிகாரத்தை நீ கட்டிய இடத்திலேயே கட்டியிருக்கிறேன். நாளைக் காலையில் பாலத்தில் கிளம்பி நேமம் போய்த் திரும்பி வருவேன். பாப்பனங்கோட்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும். அதையும் எழுதுவேன். ஒரு மணி நேரம் ஆனாலும் ஒரு மணி நேரம் என்றே உன் வரிக்குக் கீழே என் கையால் எழுதுவேன். ஒரு நிமிஷம்கூடக் குறைக்க மாட்டேன்.

முள் பார்க்கத் தெரிந்த
உன் அண்ணன்
ஆறுமுகம்