கழுவி வைத்த கான்

ஐப்பசி, செவ்வாய் இரவு. டிக்கோயா.

மழை பெய்தாலே வாசலில் ஓடும் வடிகால் கான் நிரம்பி எங்கள் லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. பல தடவை முறையிட்ட பிறகு, இன்று ஓர் அதிகாரி பார்க்க வந்தார்.

தேயிலைத் தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் இடத்தைச் சுத்தமாக்கி வைத்தே பழகியவர்கள் நாங்கள். நேற்றே எல்லோரும் சேர்ந்து கானில் கிடந்த சேற்றை அள்ளிக் கழுவிவிட்டோம். ரோட்டுக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் குழாய்க்கு மட்டும் கை எட்டவில்லை.

"கான் நல்லாத்தானே இருக்கு! சுத்தமா வச்சிருக்கீங்க," என்று படம் எடுத்துக்கொண்டு அதிகாரி போய்விட்டார். பாராட்டில் குளிர்ந்துபோய் நின்றோம். குழாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பின்னேரம் மழை பிடித்தது. கட்டில்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி அக்கா குரல் கொடுக்கிறார்:

"கழுவுன கான்தானே, தண்ணி சுத்தமாத்தான் வருது."