ஏணிக்குத் தனிக் கம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாய். கூரியர்காரரையாவது வாசலோடு திருப்பி அனுப்பாமல் இதைப் படி.

புது நீச்சல் குளத்து ஏணியை ஈரக்கையால் பிடித்தால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்கிறது என்று உன் மனைவி சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது எறும்பு இல்லையடா, கரண்ட். இங்கே இப்படிக் குளங்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. ஏணி, கைப்பிடி, பம்பு மோட்டார், தண்ணீருக்குள் இருக்கும் விளக்கின் சட்டம், கான்கிரீட்டுக்குள் போட்ட கம்பி எல்லாவற்றையும் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்திருக்க வேண்டும். குளத்தைக் கட்டிக் கொடுத்த உன் மச்சான் இணைத்தாரா? கேட்டு எழுது. அதுவரை உன் மகள் வாலு அந்தப் பக்கமே போகக் கூடாது. அத்தை சொன்னதாகச் சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். மச்சானைக் கேட்டேன். "எர்த் எல்லாம் போட்டாச்சு மாப்ள. உங்க அக்காவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தார். ஆனாலும் உன் மன நிம்மதிக்காக ஏணிக்கென்றே தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து வயர் இழுத்துவிட்டார். போதுமா? நான் கிளினிக்கில் பல் பிடுங்கும்போது நீ வந்து குறடு பிடிக்கிறாயா என்ன?

வாலுவின் பிறந்தநாளன்றுதான் முதல் குளியல். வகுப்பையே அழைத்துவிட்டாள் உன் மருமகள். அவள் ஆசையில் மண்ணைப் போடாதே.

ஒரு வேடிக்கை. கண்டதையெல்லாம் நக்கும் நம் நாய், நேற்று குளத்தில் வாய் வைத்ததும் கத்திக்கொண்டு ஓடிவிட்டது. அதுவும் உன்னைப் போல பயந்தாங்கொள்ளி.

தம்பி

ஏப்ரல் 17

தம்பி,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் மச்சான் இருந்ததையும் கெடுத்துவிட்டார்.

தனியாக அடித்த கம்பி ஏணியை மட்டும் மண்ணோடு சேர்க்கிறது. பம்பில் கசியும் கரண்ட் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரில் நிற்கும் பிள்ளை ஏணியைப் பிடித்தால், இரண்டுக்கும் நடுவில் அவள்தான் வயர். எல்லா உலோகத்தையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் கரண்ட் வந்தாலும் எல்லாவற்றிலும் மின்னழுத்தம் ஒரே அளவாக ஏறி இறங்கும், யாரையும் தாக்காது. தரை ஓடுகளை உடைத்து அந்த இணைப்பைப் போட்டுத்தான் ஆக வேண்டும். உடை.

கரண்ட் கசிந்தால் சுவிட்ச் தானே விழுந்து காப்பாற்றிவிடும் என்பார் மச்சான். எல்லா நேரமும் விழாது. போனால் புதிதாகக் கட்டிக்கொள்ள உயிர் ஒன்றும் பல் இல்லையடா.

நாய் பயந்து ஓடவில்லை. அதற்கு ஷாக் அடித்திருக்கிறது.

நீ கேட்காவிட்டால் உங்கள் மின்சார அலுவலகத்துக்கு நானே புகார் எழுதுவேன். பிறகு நீ என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

அக்கா

ஏப்ரல் 22

புகாரை எழுதிக்கொள்.

சின்ன வயதிலிருந்தே நீ வைத்ததுதான் சட்டம். அம்மா போன பிறகு நீதான் வளர்த்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என் வீட்டு மெயின் சுவிட்சும் உன் கையில்தான் இருக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் என் பெண் குளத்தில் இறங்குவாள். நீ புகார் கொடுத்தாய் என்று தெரிந்தால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை.

பல் டாக்டர்

மே 6

அக்கா,

புகாரைக் கொடுத்தேவிட்டாய். பலூன் கட்டிக்கொண்டிருக்கும்போது மின்சார ஆய்வாளர் வந்து நின்றார். வந்தவர்கள் எதிரில் மானமே போயிற்று. "விசேஷம் முடியட்டும் சார், நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே அவரை மடக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் வாலு நீச்சலுடையில் ஓடிப்போய்த் தண்ணீரில் காலை விட்டு, ஏணியைப் பிடிக்கக் கை நீட்டினாள். "பாப்பா, தொடாதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் அந்தக் கை அப்படியே நின்றது. ஒரு சாண் இடைவெளிதான்.

பிறகு ஏணியிலும் தண்ணீரிலும் மீட்டரை வைத்து, கரண்ட் இருப்பதை எங்களிடம் காட்டினார். மச்சான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஓடுகளை நானே உடைத்தேன். உள்ளே இணைப்பு என்று ஒன்றுமே இல்லை. இப்போது குளத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி ஓடுகிறது. ஆய்வாளரும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்தாய். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கைதான் தெரிகிறது அக்கா.

"அத்தை வந்து பாத்தாத்தான் எறங்குவேன்" என்கிறாள் வாலு. நானும் அவளை இறக்குவதாக இல்லை. குளம் காய்ந்து கிடக்கிறது. உன் மீட்டரை எடுத்துக்கொண்டு வா. என்றைக்கு வருகிறாய் என்று போன் பண்ணு, எடுக்கிறேன்.

உன் தம்பி