வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

என் அன்பு மச்சாள் சுகந்திக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. ஆண்டுத் திவசத்துக்கு உனக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதுவரை பொறுக்க முடியவில்லை. ஒரு விடயம் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்துகிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் கட்டுரை பிழை.

எடுத்த எடுப்பில் எழுதிவிட்டேன். நல்ல செய்தியை முதலில் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரை அச்சில் வந்துவிட்டது. உன் பெயர் முதலில், அடுத்தது என் பெயர், கடைசியாகப் பர்ஹானா. அண்ணா அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் மனைவி பெருமை பேசுகிறார்: "இது என்ட மனிசி எழுதினது." அதில் ஒரு வரிகூட அவருக்கு விளங்காது, அது வேறு கதை.

நீ சுற்றாடல் கொள்கை, நான் பௌதிகவியல், பர்ஹானா வியாபாரக் குறிச் சட்டம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கட்டுரையா என்று கம்பஸில் எவ்வளவு சிரித்தார்கள்! விடயம் நேரானதுதான். வாவி மீனவர் சங்கம் தங்கள் இறாலுக்கு ஒரு வியாபாரக் குறி கேட்டது. தெளிந்த நீரில் பிடித்த இறால் என்பதே அந்தக் குறி தரும் உறுதி. அதற்கான சட்ட வேலையைப் பர்ஹானா பார்த்தாள். நீர் தெளிவுதானா என்று நான் அளந்தேன். அந்த அளவுகளை வைத்து, அந்தப் பக்கம் புதிய இறால் பண்ணைகள் வரக்கூடாது என்று நீ எழுதினாய்.

அளந்தது எப்போது? வெள்ளிக்கிழமைகளில். இஸ்மாயில் காக்காவின் தோணி அன்றைக்குத்தான் சும்மா நிற்கும். காலையில் நம்மை ஏற்றிப் போய், ஜும்ஆத் தொழுகைக்கு முன் கரையில் விட்டுவிடுவார். வெள்ளி என்றால் வசதி என்று நாளைக் குறித்தவள் நீ. தலையாட்டியவள் நான்.

போன மாதம் ஒரு வெள்ளி எனக்குப் பரீட்சைக் கடமை. அதனால் செவ்வாய் போனேன். நீருக்குள் ஒளியைச் செலுத்தி, அது சேற்றுத் துகளில் பட்டுச் சிதறுவதை அளக்கும் நம் கருவி, வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டியது. துடைத்தேன், தட்டினேன், திரும்ப நனைத்துப் பார்த்தேன். காக்கா சிரித்தார்.

"அதுக்கு ஒண்டும் இல்ல மிஸ். இண்டைக்குத் தொழில் நாள். ஆக்கள் இறங்கி வலை இழுக்காங்க, சேறு கிளம்பும்தானே. வெள்ளிக்கிழம எங்கட பக்கம் ஒருத்தரும் இறங்குறல்ல. சேறு படிஞ்சி கிடக்கும்."

"இத முன்னமே சொல்லியிருக்கலாமே காக்கா?"

"நீங்க கேக்கல்லயே. தெரிஞ்சிதான் வாறீங்க எண்டு நினச்சன்."

வலை ஓய்ந்திருக்கும் நாளை மட்டும் அளந்துவிட்டு, இதுதான் வாவி என்று எழுதிவிட்டோம், சுகந்தி. பர்ஹானா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "நான் காத்தான்குடியில பிறந்தவள். வெள்ளிக்கிழம எங்கட ஆக்கள் தொழிலுக்குப் போறல்ல எண்டு எனக்காவது உறைச்சிருக்க வேணாமா?" பிறகு சட்டம் பேசினாள். வாங்குகிறவரை ஏமாற்றும் குறி நிலைக்காதாம். யாராவது ஒரு செவ்வாய்க்கிழமை அளந்தால் சங்கத்தின் பெயரே கெட்டுவிடுமாம்.

எனக்கு வேறு பயம். திருத்தினால், வாவி ஏற்கெனவே சேறுதானே என்று பண்ணைக்காரர் வந்துவிட மாட்டார்களா? வலை கிளப்பும் சேறு வேறு, பண்ணை விடும் கழிவு வேறு என்று அதிகாரிகள் முன்னால் எடுத்துச் சொல்லும் வாய் உனக்குத்தானே இருந்தது? நான் அங்கே போய் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம்விடப் பெரிய பாடு அண்ணாதான். ஆய்விதழுக்கு அனுப்பும் திருத்தக் கடிதத்தில் மூவர் பெயரும் வரும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அவட பேர இதுக்குள்ள இழுக்காத புள்ள. நீயே பிழ விட்டதா எழுதன். செத்தவள் வந்து மறுமொழி சொல்லவா போறாள்?"

அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு கொண்டுபோனால் கதவைத் திறக்கிறார், வாயைத் திறப்பதில்லை.

அவர் கேட்டபடியும் எழுதிப் பார்த்தேன். பிழை முழுவதும் என்னுடையது என்று. எழுத எழுத நீ காணாமல் போய்க்கொண்டே இருந்தாய். தோணியில் என் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தவள் யார்? வெயில் ஏறியதும் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் போட்டவள் யார்? பிழையிலிருந்து உன்னை எடுத்தால் அந்தக் காலைகளிலிருந்தும் உன்னை எடுக்க வேண்டும். அது என்னால் முடியாது, மச்சாள். உனக்குக் கோபமா? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாளைக் காலை திருத்தக் கடிதத்தை அனுப்புகிறேன். உன் பெயர் முதலில்தான் இருக்கும். திங்கட்கிழமை சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்வேன். இனி வாரத்தின் எல்லா நாளிலும் அளப்பேன். பண்ணைக்காரருக்குச் சொல்ல வேண்டியதை உன் குறிப்புக் கொப்பிகளில் தேடிப் படிப்பேன். அண்ணா திட்டினால் கேட்டுக்கொள்வேன். அவருக்கு நீ ஒரு பிழையும் விடாதவளாக இருக்க வேண்டும். எனக்கு நீ என் பக்கத்தில் இருந்தவளாக இருந்தால் போதும்.

பிழையில் பாதிக்காரி,
உன் மச்சாள் வதனி