நாலாவது மூலை

ஜனவரி 8

அன்பு நண்டுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறேன் என்று வைத்துக்கொள். உனக்கு இடுப்பு வலி தேவலையா? பனியன் கம்பெனியில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா, இல்லை ஸ்டூல் கொடுத்துவிட்டார்களா?

ஃபோன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். ஃபோன் எடுத்தால் நீ அழுகிறாய், நான் அழுகிறேன், வைத்துவிடுகிறோம். ஒரு விஷயமும் பேசி முடிவதில்லை. எழுத்து எனக்கு அவ்வளவு வராது, மெதுவாகப் படி.

உன் அண்ணன் போய் ரெண்டு மாசம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, சத்தம் போடவும் ஆள் இல்லை. காலையில் இன்னமும் ரெண்டு டம்ளர் காபி கலக்கிறேன். ரெண்டையும் நானே குடித்துவிடுகிறேன்.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார். அவருடைய சட்டைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தேன். பத்துச் சட்டை. ஒவ்வொரு சட்டையிலும் ஏதாவது ஒரு வீட்டுப் பெயிண்ட் சொட்டியிருக்கும் இல்லையா, அந்தச் சொட்டு தெரிகிற மாதிரி சதுரம் சதுரமாக வெட்டினேன். பள்ளிக்கூடத்து மஞ்சள் இருக்கிறது. பல் டாக்டர் வீட்டு ரோஸ் இருக்கிறது. "பல் ஈறு கலர்ல சுவரு கேக்குறாரு"ன்னு அவர் சிரித்தாரே, அது. நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த நீலக் கோடு சட்டையில் மட்டும் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. அதை வேலைக்குப் போட்டதே இல்லை. அதனால் அதை நட்ட நடுவில் வைத்தேன்.

தைத்து முடித்தும் போர்வை மொட்டையாக நிற்கிறது. துணி தைப்பது நான், ஓரத்துக்கு லேஸ் பின்னுவது நீ. தலையணை உறையோ மேசை விரிப்போ, இத்தனை வருஷமும் அப்படித்தானே செய்தோம். அவர் உன் விரலைப் பார்த்துச் சொல்வாரே, "குரோஷா ஊசியைப் பிடிச்சா எங்க நண்டு நிசமாவே நண்டுதான்"னு. அந்தக் கையால் சிப்பி லேஸ் வைத்துக் கொடு. நூல் எந்தக் கலர் என்பது உன் இஷ்டம். அவசரம் இல்லை.

உன் அண்ணி


ஜனவரி 21

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. பிரித்தேன். திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த லெட்டருக்கு முன்னால் அதுவே உங்களிடம் வந்திருக்கும்.

அந்த நீலக் கோடு சட்டையின் காலர் எங்கே? பாக்கெட் எங்கே? அண்ணன் பாக்கெட்டில் பென்சில் செருகி ஒரு கறுப்புக் கறை இருக்குமே, அதை எந்தக் குப்பையில் போட்டீர்கள்? அடுத்த லீவில் வந்து அந்தச் சட்டையை உங்களிடம் கேட்கலாம் என்று இருந்தேன். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அது மட்டும். கேட்காதது என் தப்புதான். இரண்டு மாசத்தில் கத்திரியோடு உட்காருவீர்கள் என்று யார் கண்டார்கள்?

அன்றைக்கு நான் மூன்று பஸ் மாறி ஓடி வந்தேன். நான் வாசலில் இறங்கும்போது வாடகை நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு மணி நேரம். அவ்வளவுதான் அண்ணி, நாலு மணி நேரம். கடைசியாக முகம் பார்க்கவும் எனக்காகக் காத்திருக்கவில்லை. சட்டைக்கும் காத்திருக்கவில்லை.

நண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேர் வைத்தவரோடு போகட்டும். நீங்கள் கூப்பிட வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 2

நாத்தனாருக்கு,

போர்வை வந்து சேர்ந்தது. அவ்வளவு கோபத்திலும் மடிப்பு கோணாமல் மடித்திருந்தாய்.

நீ கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனாலும் வெட்டினது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நியாயம் கேட்பதற்காக இல்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அவர் போன மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அவர் சட்டை துவைக்கிற நாள். ஆணியில் தொங்கினதையெல்லாம் எடுத்து வாளியில் ஊறப்போட்டேன். கை அது பாட்டுக்குச் செய்கிறது, வாய் அது பாட்டுக்குப் பக்கத்து வீட்டம்மாவிடம் தண்ணீர் சரியாக வராததைப் பற்றிப் பேசுகிறது. ஒரு காலரைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சோப்பு. பெயிண்ட் எண்ணெய் வாசனை இல்லை, வேர்வை இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு?"ங்கிறாள் அந்தம்மா.

"துவைச்சிட்டேன்"ங்கிறேன்.

"நல்லதுதானே"ங்கிறாள்.

அவள் மேல் என்ன தப்பு?

காய்ந்த பிறகு பார்த்தால் யார் சட்டையோ மாதிரி இருந்தது. அவரோடு வேலை செய்த பையன்கள் வந்து, "அண்ணன் சட்டை இருந்தா குடுங்கண்ணி, வேலைக்கு ஆகும்" என்று கேட்டார்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் தெருவில் எதிரே அவர் சட்டை நடந்து வந்தால் நான் என்ன ஆவேன்? அன்றைக்கே கத்திரி எடுத்தேன். பெயிண்ட் சொட்டு மட்டும் எந்தச் சோப்புக்கும் அசையாமல் இருந்தது. அதனால் சொட்டைச் சுற்றி வெட்டினேன். உன் சட்டையை நடுவில் வைத்தால் நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல.

காலரும் பாக்கெட்டும் குப்பைக்குப் போகவில்லை. பொத்தான் டப்பாவில் இருக்கிறது. பென்சில் கறையும் இருக்கிறது.

அந்த நாலு மணி நேரம். யாரோ வந்து, "தங்கச்சி வர்ற வரைக்கும் வெச்சிருக்கலாமா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. ஆனால் ஆட்டினது என் தலைதான்.

உன் அண்ணி


மார்ச் 1

நாத்தனாருக்கு,

நீ பதில் போடவில்லை. போடாதே, பரவாயில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லேஸை நானே பின்ன ஆரம்பித்தேன். நீ இங்கே விட்டுப் போன ஊசி ஒன்று தையல் மெஷின் டிராயரில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்தவள்தானே, வராமலா போகும் என்று ஒரு திமிர்.

வரவில்லை. முதலில் துணியிலேயே குத்தி இழுத்தேன், துணி கிழிந்தது. அப்புறம் எப்படியோ ஒரு பக்கம் ஓட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. மூலை திரும்பினேன், அவ்வளவுதான், துணி எழுந்து நின்றுவிட்டது. அமுக்கினால் அந்தப் பக்கம் தூக்குகிறது. அந்தப் பக்கம் அமுக்கினால் இந்தப் பக்கம். மாடியில் குடியிருக்கிற டீச்சர் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே, யாருக்குத் தொப்பி?" என்று கேட்டாள். நாலு மாசம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்த பிறகு, இதைச் சொல்ல ஆள் இல்லையே என்று இருந்தது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

போர்வையைக் கெடுத்துவிடக் கூடாது என்று பழைய துணியில் பழகுகிறேன். அதில் ஒரு துண்டை இதோடு வைத்திருக்கிறேன். கோபம் தீர வேண்டாம், பார்த்துவிட்டுத் திட்டவாவது செய்.

உன் அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

இது சமாதானம் இல்லை. நீங்கள் அனுப்பின துண்டை மேசையில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அங்கே பின்னி வைத்திருப்பதையெல்லாம் பிரித்துவிடுங்கள். மிச்சம் வைக்காமல் முழுசும். ஓரத்தை மடித்து, சுற்றிலும் முதலில் காஜா தையல் போடுங்கள். பொத்தான் ஓட்டைக்குப் போடுகிற அதே தையல்தான். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் உங்கள் சுண்டுவிரல் நகம் அகலம் இடம் விடுங்கள். துணியில் குத்தாமல் அந்தத் தையலுக்குள் ஊசியை விட்டுப் பின்னுங்கள்.

மூலைக்கு வந்தால் ஒரே இடத்தில் மூன்று தடவை பின்ன வேண்டும். நீங்கள் ஒரு தடவை பின்னிவிட்டு அவசரமாகத் திரும்புகிறீர்கள். திரும்புகிற இடத்தில் நூலுக்கு இடம் வேண்டும். கொடுக்காவிட்டால் மொத்தத் துணியையும் பிடித்து இழுக்கும், தொப்பிதான் வரும். அதற்காக ஆறு ஏழு பின்னாதீர்கள், அலை அலையாகத் தொங்கும். மூன்று. நூலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அது எங்கேயும் ஓடிவிடாது.

தலைமாட்டில் ஆரம்பிக்காதீர்கள். கால்மாட்டில் ஆரம்பியுங்கள். அண்ணன் எந்த அறைக்குப் பெயிண்ட் அடித்தாலும் ஓரக் கோடு இழுப்பதைக் கதவுக்குப் பின்னால்தான் தொடங்குவார். கேட்டால், "கை பழகற வரைக்கும் தப்பெல்லாம் அங்க போய் ஒளிஞ்சுக்கட்டும்"பார். உங்களுக்குத் தெரியாதா?

நூல் வெள்ளை வேண்டாம். அத்தனை கலருக்கும் வெள்ளை எடுபடாது. சாம்பல் கலரில் வாங்குங்கள், மூன்றிழை நூல்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 3

நாத்தனாருக்கு,

தெரியாது. கதவுக்குப் பின்னால் என்று நீ எழுதினது எனக்கு நிஜமாகவே தெரியாது. இருபத்தாறு வருஷம் பெயிண்டர் பெண்டாட்டி.

லெட்டரைப் படித்ததும் எழுந்து போய்ப் படுக்கை அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் பார்த்தேன். அந்தக் கதவு எப்போதும் சுவரோடு திறந்தே கிடக்கும், சாத்துவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? சுவரும் மேல்கூரையும் சேர்கிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு கோணல் மாணலாகப் போகிறது. பச்சை மேலே ஏறியிருக்கிறது, வெள்ளை கீழே இறங்கியிருக்கிறது. ஒரு இடத்தில் விரலால் துடைத்த தடம்கூட இருக்கிறது. அதற்கப்புறம் மிச்ச அறை முழுக்க ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடு. நாற்காலி போட்டு ஏறி அந்த விரல் தடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் அந்தக் கதவைச் சாத்தியே வைக்கிறேன். புழுக்கம்தான். இருக்கட்டும்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். காஜா தையல், சாம்பல் நூல், கால்மாடு. முதல் மூலையில் மூன்று பின்னினேன். துணி அடங்கிப் படுத்துவிட்டது. உன்னைத் திட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

பத்துச் சட்டை என்று எழுதினேன். பதினொன்றாவது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வேலைக்குப் போட்டுப் போனது. புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றி ஏணி மேல் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தச் சட்டையைப் பிரஷ், பக்கெட்டோடு சேர்த்து அந்தப் பையன்கள் கொண்டுவந்து கொடுத்தது நான் துவைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம். அதனால் தப்பித்தது. சோப்பு படவில்லை. காலிப் பெயிண்ட் டப்பா ஒன்றைத் துடைத்து, அதில் வைத்து மூடியை அடித்து இறுக்கி வைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை திறப்பேன். ரொம்ப நேரம் திறந்து வைப்பதில்லை, தீர்ந்துவிடும் என்று பயம்.

நீ சட்டை கேட்டு எழுதினபோதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேட்டுவிடுவாய் என்று சொல்லவில்லை. உன் ஒரு சட்டையை நான் வெட்டினேன், இன்னொரு சட்டையை ஒளித்து வைத்தேன். இதுதான் நான்.

போன வாரம், ஆளுக்குப் பாதி என்று கத்திரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகில் வைத்தேன். முடியவில்லை. இனி அவரை வெட்ட எனக்குத் தெம்பு இல்லை. அதனால் முழுசாக, டப்பாவோடு உனக்கு அனுப்பிவிட்டேன். உடைந்த பொத்தானை மாற்றவில்லை. ஒன்றும் தொடவில்லை. நீயும் துவைத்துவிடாதே, அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பென்சில் கறைப் பாக்கெட்டையும் காலரையும் அதற்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.

போர்வையில் மூன்று மூலை முடிந்தது. நாலாவது மூலைக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டேன். கண்ணி அவிழாமல் ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். நீ வந்து திரும்ப வேண்டிய மூலை அது. அடுத்த மாசமோ, அடுத்த வருஷமோ, உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வா. அன்றைக்கு நாலு மணி நேரம் காத்திருக்கவில்லை. இப்போது காத்திருக்கிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

டப்பா வந்தது. தபால்காரர் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுக்குப் பெயிண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திறந்தேன். உடனே மூடிவிட்டேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் திறந்தேன்.

வலது முழங்கையில் ஒரு பச்சை இருக்கிறதே, அது எந்த வீட்டுப் பச்சை? எழுத வேண்டாம், நேரில் சொல்லுங்கள். இருபத்தேழாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து நாள் லீவு கேட்டேன். "எதுக்கு பத்து நாளு?" என்று சூப்பர்வைசர் முறைத்தார். "ஒரு மூலை பாக்கி இருக்கு சார்" என்றேன். என்ன புரிந்ததோ, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டப்பாவையும் கொண்டுவருகிறேன். ஒரு வருஷம் உங்களிடம், ஒரு வருஷம் என்னிடம். இதில் பேச்சு இல்லை.

நான் வருகிற வரைக்கும் ஊக்கை எடுக்காதீர்கள்.

நண்டு